உருளை தானாக நிற்கவில்லை

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு விலாசமும் முதல் தாளில் தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. வயது நாற்பத்தேழு. தொழில் என்ற இடத்தில் காவல் நிலைய எழுத்தர் ஐயா முதலில் "வேலையில் இல்லை" என்று எழுதினார். அதை அடித்துவிட்டு "சலவைக்கூடத்தில் உருளை இயந்திரத் தொழிலாளி" என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். நான் வேலையில் இருக்கிறேனா இல்லையா என்பதுதான் இங்கே சண்டையே. அந்தச் சண்டையை முதல் வரியிலேயே மேலாளர் பக்கம் சாய்த்து முடித்துவைக்க எனக்குச் சம்மதமில்லை. அவர் திருத்தி எழுதினார், திருத்திய இடத்தில் நானும் சுருக்கொப்பம் வைத்தேன்.

மேற்படி விலாசத்தில் மூன்றாவது மாடியில் என் வீட்டுக்காரருடன் குடியிருந்து வருகிறேன். அவர் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் வேலை செய்கிறார். எங்களுக்கு ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. படிகள் நாற்பத்திரண்டு. இதை நான் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. இந்த விவகாரம் முழுக்க முழுக்க என் வலது காலைப் பற்றியது, அதனால் படிக்கணக்கும் பதிவாகட்டும்.

நான் அந்தச் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்து வருகிறேன். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். ஒரு பக்கத்தில் அவற்றைத் துவைத்துப் பிழிந்து, ஈரத்தோடு தள்ளுவண்டியில் ஏற்றி, ஒரு சரிவு வழியாக எங்கள் பக்கம் அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு ஆள் நீளத்துக்குச் சூடான உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து உருளைக்குக் கொடுப்போம், அந்தப் பக்கம் இரண்டு பேர் அது காய்ந்து வருவதை வாங்கி மடிப்பார்கள். அங்கே எல்லோரும் என்னை உருளை அக்கா என்று கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. எழுத்தர் ஐயா சிரித்ததால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

விரிப்பை உள்ளே கொடுப்பதற்கு முன் அதில் கறை மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. ஒரு விரிப்பைப் பார்க்க இரண்டு நொடிதான் கிடைக்கும். அந்த இரண்டு நொடியில் கறை இருக்கும் இடம் மட்டுமல்ல, மருந்து போட்டுக் கறையை எடுத்த இடமும் எனக்குத் தெரிந்துவிடும். எடுத்த இடம் சுற்றியுள்ள துணியைவிடக் கொஞ்சம் வெளுத்து இழை தேய்ந்து இருக்கும். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஏழாம் தேதி காலை சுமார் பத்து மணிக்கு நான் உருளையில் வேலையாக இருந்தேன். ஈரத்துணி வண்டியின் சக்கரப் பூட்டு உடைந்து அப்போதே நாலு மாதம் ஆகியிருந்தது. பூட்டுக்குப் பதிலாக ஒரு ஈரத் துவாலையை மடித்துச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து வண்டியைச் சரிவில் நிறுத்திவைப்பது எங்கள் வழக்கம். பூட்டை மாற்றித் தரும்படி மேலாளரிடம் நான் மூன்று முறை சொல்லியிருந்தேன். மூன்றாவது முறை அவர், "துவாலை போட்டா நிக்குது இல்ல? அப்புறம் என்ன?" என்றார். அன்றைக்கு நிற்கவில்லை. வண்டி நிறைய ஈரத்துணியோடு சரிவில் இறங்கி வந்து என் வலது தொடையை இயந்திரத்தின் இரும்புக் காலோடு சேர்த்து அழுத்தியது. முழங்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதன் பிறகு, விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த என் கூட்டாளி, நாங்கள் சின்னவள் என்று கூப்பிடும் பெண், ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தி உருளையை நிறுத்தினாள். அதன் பிறகு மேலாளர் ஓடிவந்தார். முதலில் உருளையில் சிக்கியிருந்த விரிப்பைப் பார்த்தார், அதன் பிறகு என்னைப் பார்த்தார். அந்த வரிசையை நான் மறக்கவில்லை.

வேலை செய்யும் இடத்தில் நடந்த காயம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்தது. அதில் தகராறு இல்லை. குணமாகும் வரை அரைச் சம்பளமும் வைத்தியச் செலவும் இழப்பீட்டு அலுவலகத்தின் வழியாக வந்தன. தொடையில் தகடு வைத்து எட்டுத் திருகாணி முடுக்கினார்கள். மூன்று மாதம் படுக்கையிலேயே கிடந்தேன். எலும்பு ஒரு பக்கம் கூடியது, மறுபக்கம் கூடவில்லை. இடுப்பிலிருந்து எலும்புத்துண்டு எடுத்து அந்த இடத்தில் வைக்க வேண்டும், இந்த மாதத்துக்குள் செய்யாவிட்டால் தகடு உடைந்து கால் நிரந்தரமாக விளங்காமல் போய்விடும் என்று எலும்பு டாக்டர் சொன்னார். இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு இந்த மாதம் இருபத்து நாலாம் தேதியைக் குறித்துக் கொடுத்தார். இன்று பதினைந்தாம் தேதி. இந்த இரண்டு தேதிகளையும் எழுத்தர் ஐயா அடிக்கோடு போட்டு எழுதினால் நல்லது.

சென்ற மாதம் மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் கால் பயிற்சி கொடுக்கும் அறைக்குப் போனேன். அங்கே இடுப்பு உயரத்துக்கு இரண்டு இரும்புக் கம்பிகள் இருக்கும், நடுவில் ரப்பர் பாய், எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. பயிற்சி கொடுக்கும் பெண் கையை எடுக்கச் சொன்னாள். நான் இரண்டு கைகளையும் கம்பியிலிருந்து எடுத்தேன். அவள் எண்ணினாள். பதினொன்று வரை எண்ணினாள், பன்னிரண்டுக்குள் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பதினொரு எண்ணிக்கைக்கும் கண்ணாடியில் என்னை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மாதத்தில் முதல்தடவையாக என்னுடைய உயரத்தில் இருந்தேன். அழுதேன். அழுததை எழுத வேண்டுமா என்று எழுத்தர் ஐயா கேட்டார், எழுதலாம் என்றேன்.

உடனே என் வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். அவர் ஏணிமேல் இருந்ததால் எடுக்கவில்லை. அதன் பிறகு சலவைக்கூடத்துக்கு போன் செய்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு எண் அதுதான். வருகைக் குமாஸ்தா எடுத்தார். அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு, என்னை அக்கா என்பார். நான் அவரிடம், "தம்பி, உருளை அக்கா பேசறேன். நான் நின்னுட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிடு" என்றேன். அவர் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்படியாக்கா? சரி, நல்லபடியா இருங்க. நான் எழுதிக்கறேன்" என்றார். என் சந்தோஷத்தைத்தான் எழுதிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

இந்த இடத்தில் எங்கள் சலவைக்கூடத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் ராஜினாமாக் கடிதம் எழுதுவதில்லை. சூடு தாங்காமல் மாதம் நாலைந்து பேராவது போவார்கள். போகிறவர்கள் போன் செய்து "நான் நின்னுட்டேன்" என்று சொல்வார்கள். குமாஸ்தா போன் நோட்டில் தேதி போட்டு "நின்றுவிட்டார்" என்று ஒரு வரி எழுதுவார். அத்தோடு கதை முடிந்தது. நானே இத்தனை வருடத்தில் நூறு பேரைப் பற்றியாவது "அவ நின்னுட்டா" என்று சொல்லியிருப்பேன். கால் உடைந்தவள் எழுந்து நின்றாலும் வாயில் அதே சொல்தான் வரும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. என் புத்தி முழுக்க அப்போது காலில் இருந்தது. குமாஸ்தா தப்பாக எழுதியதற்கு நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பாதித் தப்பு என்னுடையது. அந்தத் தப்பை எதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் என் புகார்.

மாதக் கடைசியில் அரைச் சம்பளம் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு இழப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். என் ஃபைலைப் பார்க்கும் அதிகாரி ஒரு அம்மா. அவர் கம்பெனி அனுப்பிய கடிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தொழிலாளி தானாகவே வேலையிலிருந்து நின்றுவிட்டதாக மூன்றாம் தேதி போனில் தெரிவித்தார் என்று அதில் இருந்தது. கீழே மேலாளர் கையெழுத்து. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யாரோ வேறு ஆளைப் பற்றிய கடிதம் மாறி வந்துவிட்டது என்றுகூடச் சொன்னேன். அதன் பிறகு மூன்றாம் தேதி என்ன நடந்தது என்று யோசித்தேன். யோசித்து முடித்தபோது எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்துவிட்டார், பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். "நீங்களா வேலையை விட்டிருந்தா அரைச் சம்பளம் கிடையாதும்மா. அவங்க நிறுத்தியிருந்தா, ஏன் நிறுத்தினாங்கன்னு பாத்துத்தான் முடிவு பண்ணுவோம். வைத்தியம் வேற. அது காயத்தோட போறது, வேலை போனாலும் அது போகாது" என்று விளக்கினார். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. சம்பளம் இல்லாமல் எப்படியோ சமாளிக்கலாம், இருபத்து நாலாம் தேதி தப்பித்தது என்று மூச்சு விட்டேன். நான் நின்றுவிட்டேன் என்று சொன்னது கால் ஊன்றி எழுந்து நின்றதைத்தான் என்று அங்கேயே ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டு நாள் கழித்து, இந்த மாதம் பத்தாம் தேதி, அந்த அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். கம்பெனியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்திருந்தது. தொழிலாளி மூன்றாம் தேதி எழுந்து நின்றதாகத் தானே ஒப்புக்கொள்கிறார், ஆகவே அன்றே குணமாகிவிட்டார், குணமான பிறகும் வேலைக்கு வராததால் நீக்கப்படுகிறார், குணமான காலுக்கு இனி அறுவை சிகிச்சை தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். அதே மேலாளர், அதே கையெழுத்து. இதனால் அறுவை சிகிச்சைக்கான அனுமதியை விசாரணை முடியும் வரை நிறுத்திவைத்திருப்பதாக அந்த அம்மா சொன்னார். விசாரணை இருபதாம் தேதி. அவர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மூல போன் நோட்டை அனுப்பும்படி இரண்டு முறை எழுதிக் கேட்டும் கம்பெனி அனுப்பவில்லை, அதை நேரில் பார்க்காமல் எந்தப் பக்கமும் முடிவு செய்ய முடியாது என்றும் சொன்னார்.

ஒரு சொல்லை வைத்து என் வேலையைப் பிடுங்கினார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு என்று நான் சொன்னதும், அந்த வேறு அர்த்தத்தை வைத்து என் காலைப் பிடுங்கினார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதை "மன உளைச்சல்" என்று எழுத்தர் ஐயா எழுதப் பார்த்தார். கோபம் என்றே எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு நேற்று பதினாலாம் தேதி காலை, வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு, நாற்பத்திரண்டு படிகளையும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, வாடகை வண்டி பிடித்துப் பத்தரை மணிக்குச் சலவைக்கூடத்துக்குப் போனேன். நான் அத்துமீறி நுழைந்ததாக மேலாளர் என்மேல் கொடுத்த புகாரில் எழுதியிருப்பது பொய். வாசல் காவலாளிதான் கதவைத் திறந்துவிட்டார். "நீங்க நின்னுட்டீங்கன்னு சொன்னாங்களேக்கா" என்று கேட்டுக்கொண்டே திறந்தார். நான் நேரே உள்ளே போனேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

மேலாளர் தன் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு நாற்காலிகள் இருந்தன, உட்காரச் சொல்லவில்லை. நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, போன் நோட்டை இழப்பீட்டு அலுவலகத்துக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். அவர் இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, என் பக்கம் திருப்பி வைத்து, "நல்லா பாத்துக்கோ" என்றார். மூன்றாம் தேதிக்கு நேராக நீல மையில் "உருளை அக்கா, போனில், நின்றுவிட்டார்" என்று இருந்தது. அந்தக் கடைசிச் சொல்லுக்கு அடுத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தாள் வெளுத்து நார் எழும்பியிருந்தது. வேறு யாராவது பார்த்தால் தெரிந்திருக்காது. பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். "இந்த இடத்துல என்ன இருந்தது சார்?" என்று கேட்டேன். அவர் நோட்டை மூடி இழுப்பறையில் வைத்தார்.

அதன் பிறகு அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே என்னிடம், "ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. நின்னுட்டேன்னா வேலையை விட்டுட்டே. எழுந்து நின்னேன்னா குணமாயிடுச்சு. எதுவா இருந்தாலும் எனக்கு சரிதான்" என்றார். இது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகள், ஒரு எழுத்துகூட நான் கூட்டவில்லை. இந்த வார்த்தைகளை அவர் மறுத்தால் என் எதிரில் மறுக்கட்டும்.

அறையைவிட்டு வெளியே வந்தேன். வெளியே வருகைக் குமாஸ்தாவின் மேசை. "அந்த இடத்துல நீ என்ன எழுதியிருந்தே தம்பி?" என்று கேட்டேன். அவர் மேலாளரின் கதவைப் பார்த்தார். சலவைக்கூடத்தில் எல்லா மேசையிலும் பஞ்சுத் தூசி படிந்துதான் இருக்கும். அந்தத் தூசியில் அவர் விரலால் ஒரு கேள்விக்குறி போட்டார், போட்ட கையோடு உள்ளங்கையால் துடைத்துவிட்டார். அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆகவே அவர் எதையும் சொன்னதாக நான் சொல்லவில்லை. தூசியில் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆக, எழுதும்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கால் உடைந்த அக்கா எந்த நிற்பதைச் சொல்கிறாள் என்று யோசித்து, சந்தேகத்தைக் குறித்தும் வைத்திருக்கிறார். அந்த ஒரு சிறு கொக்கியைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் முதல் கடிதம் எழுதியிருக்கிறார்கள். தெரியாமல் செய்தார்கள் என்று நான் இதுவரை வைத்திருந்த நம்பிக்கை அந்த மேசையோடு போயிற்று.

அதன் பிறகு வெளியே போவதற்காக உருளைக் கூடத்தின் வழியாக நடந்தேன். வேறு வழி கிடையாது. சின்னவள் ஒரு முனையில் நின்றுகொண்டிருந்தாள், என் இடத்தில் புதிதாக ஒருத்தி. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு நேர் பின்னால் சரிவின் தலையில் ஈரத்துணி வண்டி நின்றுகொண்டிருந்தது. அதே வண்டி. சக்கரத்துக்கு அடியில் மடித்த துவாலை. எட்டு மாதம் ஆகிவிட்டது, என் காலில் எட்டுத் திருகாணி ஏறிவிட்டது, அந்தச் சக்கரத்தில் ஒரு பூட்டு ஏறவில்லை. புதியவளின் கால் என் கால் இருந்த அதே இடத்தில் இருந்தது.

நான் கைத்தடியைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு போய், சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினேன்.

உருளை நின்றது. அது பழைய இயந்திரம், நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் துணியை விடாது. விரிப்பு கருகி வாசனை வந்தது. பொத்தானிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. மேலாளர் ஓடிவந்தார். முதலில் விரிப்பைப் பார்த்தார், அதன் பிறகு என்னைப் பார்த்தார். "யார் நிறுத்தினது?" என்று கத்தினார். கூடத்தில் பதினெட்டுப் பேர் இருந்தோம். நான், "தானா நின்னுடுச்சு சார்" என்றேன்.

முதலில் சிரித்தது சின்னவள். அதன் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். புதியவளுக்கு விஷயமே தெரியாது, அவளும் சிரித்தாள். மேலாளர் அறைக்குத் திரும்பிப் போய்க் காவல் நிலையத்துக்கு போன் செய்தார். காவலர்கள் வரும் வரை சுமார் நாற்பது நிமிடம் இயந்திரம் ஓடவில்லை. நான் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கைத்தடியை ஓங்கியதாகப் புகாரில் இருக்கிறது. கைத்தடி அந்த நாற்பது நிமிடமும் சின்னவள் கையில் இருந்தது. காவலர்கள் என்னை நேற்று மாலை வீட்டுக்கு அனுப்பி, இன்று காலை நிலையத்துக்கு வரச் சொன்னார்கள், வந்திருக்கிறேன்.

இன்று காலை இந்த நிலையத்தில் நடந்ததும் பதிவாக வேண்டும். புகாரில் என்னை "வெளியாள்" என்று எழுதியிருக்கிறார்கள். வெளியாள் என்றால் எந்தத் தேதியில் எப்படி வெளியாள் ஆனார், அதற்கான நோட்டைக் கொண்டுவாருங்கள் என்று ஆய்வாளர் ஐயா மேலாளரிடம் கேட்டார். அதைக் கேட்டதும் மேலாளருக்கு என்மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. இத்தனை வருடம் உழைத்தவள், ஏதோ ஆத்திரத்தில் வந்துவிட்டாள், பழைய இயந்திரம், அவ்வப்போது தானாக நிற்பதுண்டு, அவளே எல்லோர் முன்னாலும் தானாக நின்றது என்றுதானே சொன்னாள், அப்படியே எழுதி முடித்துவிடலாம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். எனக்கு இன்று நாற்காலிகூட அவர்தான் இழுத்துப் போட்டார்.

எழுத்தர் ஐயாவும் எனக்கு நல்லது நினைத்து, "இந்த கேஸ் எப்படியும் நிக்காதும்மா, எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ" என்றார். என் வீட்டுக்காரர் பயந்த சுபாவம். வர்ணக் கறை படிந்த கையால் என் தோளைத் தொட்டு, போயிடலாம் என்றார். எனக்கும் போய்விடலாம் என்றுதான் ஒரு நிமிடம் இருந்தது. வழக்கு, கோர்ட்டு என்று இந்தக் காலோடு அலைய எனக்கு ஆசையில்லை. ஆனால் நான் வீட்டுக்குப் போனால் அந்த நோட்டும் அதன் வீட்டுக்குப் போய்விடும். இழுப்பறைக்குள் போன நோட்டு இருபதாம் தேதி விசாரணைக்கு வராது. அது வராவிட்டால் இருபத்து நாலாம் தேதி எனக்கு இல்லை. என்மேல் போட்ட புகார்தான் அந்த நோட்டை வெளியே இழுக்கும் ஒரே கயிறு. அதை நானே எப்படி அறுப்பேன்?

ஆகவே ஆய்வாளர் ஐயா, மேலாளர், என் வீட்டுக்காரர் மூவர் முன்னிலையிலும் நான் சொன்னதை இங்கே மறுபடி சொல்கிறேன். உருளை தானாக நிற்கவில்லை. நான் நிறுத்தினேன். நேற்று நான் சொன்னது எகத்தாளம், இன்று அதையே எழுதிக் கொடுத்தால் அது பொய். கருகிய விரிப்புக்கும் நின்ற வேலைக்கும் சட்டப்படி எனக்கு என்ன உண்டோ அதை ஏற்றுக்கொள்கிறேன்.

அதேபோல நானும் தானாக நிற்கவில்லை. என்னை நிறுத்தினார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மேலாளருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நேற்று உருளை நின்றபோது அவர் ஏன் நின்றது என்று கேட்கவில்லை, யார் நிறுத்தினது என்றுதான் கேட்டார். இயந்திரம் என்றால் அந்த வித்தியாசம் அவருக்கு ஓடிவரும்போதே தெரிகிறது.

அந்த போன் நோட்டை இன்றே கைப்பற்றி, மூன்றாம் தேதிப் பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்குமாறும், அதன் நகலை இருபதாம் தேதிக்கு முன் இழப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். துவாலை முட்டுக் கொடுத்த வண்டியையும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். அது என் வழக்கில் சேராது என்று எழுத்தர் ஐயா சொன்னார். சேராவிட்டாலும் பார்க்க வேண்டும்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் மேலாளர் நிலையத்தின் வாசலுக்குப் போய் யாருடனோ போனில் பேச ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு எழுத்தர் ஐயாவிடம், "அவ சொல்றபடியே எழுதுங்க சார்" என்றார்.

இந்த ஆறு தாள்களிலும் எழுதியிருப்பதை எழுத்தர் ஐயா எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். நிற்பது, நின்றது, நிறுத்தியது என்று வரும் இடங்களையெல்லாம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஓரிடத்தில் "நிறுத்தினார்கள்" என்பது "நின்றார்கள்" என்று விழுந்திருந்தது, அதைத் திருத்தினோம். மற்றபடி நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. ஆசைகாட்டியது மேலாளர் ஒருவர்தான், அதற்கு நான் மசியவில்லை. கீழே கையெழுத்திடுகிறேன். எழுந்து வந்து மேசையில் வைத்துப் போடும்படி எழுத்தர் ஐயா கூப்பிட்டார். அட்டையில் வைத்துத் தாளை நாற்காலிக்கே கொண்டுவரச் சொன்னேன். நான் உட்கார்ந்தபடிதான் கையெழுத்திட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எவரும் நான் நின்றேன் என்று சொல்லிவிடக் கூடாது.

(ஒப்பம்)